விரட்டப்பட்ட சிறுவனைத் திருப்பி அழைத்த குரு

தொன் போஸ்கோவின் பெயரை எமது நாட்டில் பலர் அறிவர். அவர் நிறுவிய சலேசியன் சபையினர் இங்கும் இளைஞர்கள் மத்தியில் பணியாற்றி வருகிறார்கள். ஒவ்வொரு ஜனவரி 31ஆம் திகதியும் அவரது விழா வருகிறது. அன்றைய மறையுரைகளில் நான் அதிகம் கேட்டிருப்பது அவர் கண்ட கனவுகளையும் அவரால் நடந்ததாகச் சொல்லப்படும் அற்புதங்களையும் பற்றித்தான். எனக்கோ அவருடைய வாழ்க்கை முழுவதும் ஒரே கேள்விக்கான பதிலாகத் தெரிகிறது: கோவிலில் ஒழுங்காக இருக்கத் தெரியாத பிள்ளைக்குக் கோவிலில் இடம் உண்டா?

வட இத்தாலியின் பியெமொந்தே பகுதியில், பெக்கி என்ற சிற்றூரில் 1815 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஜோவான்னி போஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தை நிமோனியாக் காய்ச்சலில் இறந்துவிட்டார். தாய் மார்கரீத்தா வயல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மூத்த தாரத்து மகனான அந்தோனியோவுக்குத் தம்பி படிப்பது பிடிக்கவில்லை. வீட்டில் சண்டை முற்றியதால், பன்னிரண்டு வயதளவில் ஜோவான்னி அயலூர்ப் பண்ணை ஒன்றில் வேலைக்காரப் பையனாக இருக்க நேர்ந்தது.

அந்த வயதிலேயே அவருக்குப் பிள்ளைகளைக் கூட்டும் வித்தை தெரிந்திருந்தது. சந்தைகளில் கண்ட கழைக்கூத்தையும் செப்படி வித்தையையும் தானாகவே பழகிக்கொண்டார். கயிற்றில் நடந்து காட்டுவார். நடுவில் நிறுத்தி, எல்லோரும் செபமாலை சொன்னால்தான் மிச்சம் என்பார். காலையில் கோவிலில் கேட்ட பிரசங்கத்தைத் திருப்பிச் சொல்வார். அதே நாட்களில் வேறொன்றும் அவர் மனதில் பதிந்தது. ஊர்க் குருக்கள் வழியில் எதிர்ப்பட்டால் அவர் ஆசையோடு வணக்கம் சொல்வார். அவர்களோ பதில் வணக்கம் வைத்துவிட்டு நடந்துபோவார்கள், நின்று பேசமாட்டார்கள். தான் குருவானால் பிள்ளைகளிடம் தானே போய்ப் பேசுவேன் என்று அப்போதே முடிவெடுத்ததாகத் தமது நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

உடை மாற்றும் அறையில் நடந்தது

1841 ஜூன் மாதம் தூரின் நகரில் அவர் குருவாக அபிஷேகம் பெற்றார். ஆலைகளும் கட்டடங்களும் பெருகிவந்த நகரம் அது. கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த சிறுவர்கள் சாரங்களில் கல் சுமந்தார்கள், புகைபோக்கி துடைத்தார்கள், தெருவில் படுத்தார்கள். அவர்களில் பலர் சிறைக்கும் போனார்கள். மூத்த குருவான ஜுசெப்பே கஃபாஸோ அவரை அந்தச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். விடுதலையாகி வெளியே போன பையன்கள் சில நாளில் மறுபடியும் உள்ளே வருவதை அவர் கண்டார். வெளியே அவர்களுக்கென்று ஒருவர்கூட இல்லை என்பதே காரணம் என்று விளங்கிக்கொண்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி, அமல உற்பவ அன்னையின் திருநாள். அசிசி பிரான்சிஸ் ஆலயத்தில், குருக்கள் உடை மாற்றும் அறையில் அவர் பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பர்த்தோலொமேயோ கரெல்லி என்ற பதினாறு வயதுப் பையன் அங்கே வந்து நின்றான். பூசைக்கு உதவி செய்யும்படி கோவில் பணியாளர் கேட்டார். அவனுக்கு அது தெரியாது. தெரியாவிட்டால் இங்கே என்ன வேலை என்று அவர் தும்புத்தடிக் காம்பால் அடித்து விரட்டினார். சத்தம் கேட்டுத் திரும்பிய தொன் போஸ்கோ, அந்தப் பையன் தன் நண்பன், உடனே கூட்டிவாருங்கள் என்றார். அதற்கு முன் அவனை அவர் கண்டதே இல்லை.

பூசை முடிந்ததும் அவனோடு பேசினார். தாயும் தகப்பனும் இல்லை. மேசன் வேலை. எழுத வாசிக்கத் தெரியாது. முதல் நன்மையும் வாங்கவில்லை. தன்னிலும் சிறியவர்கள் கேலி செய்வார்கள் என்ற வெட்கத்தால் மறைக்கல்வி வகுப்புக்கும் போவதில்லை. பாடத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது. விசிலடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டான். சிலுவை அடையாளம் போடுவதிலிருந்து பாடம் தொடங்கியது. அடுத்த ஞாயிறு அவன் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். சில மாதங்களில் இருபது, முப்பது பேராகினர்.

இடம் கொடுக்காத நகரம்

பிறகு வந்தது இடம் தேடி அலைந்த காலம். தொகை நூற்றுக்கணக்கில் பெருகியது. பூசை, மறைக்கல்வி, பாட்டு, இடையிடையே விளையாட்டு என ஞாயிறு முழுவதும் கழியும். கல்லறைத் தோட்டத்து ஆலயம் ஒன்றில் கூடினார்கள். கூச்சலைப் பொறுக்க முடியாமல் அங்கிருந்தவர்கள் நகரசபைக்கு முறையிட்டார்கள். மாவாலைகளுக்கு அருகில் இடம் கிடைத்தது, அங்கும் முறைப்பாடு. வாடகைக்கு எடுத்த புல்வெளியின் உரிமையாளர்கள், புல்லின் வேர்கூட மிஞ்சவில்லை என்று வெளியேறச் சொன்னார்கள். தங்கள் பங்கு மக்களை இவர் பிரித்துக்கொண்டு போகிறார் என்று பங்குத்தந்தையர் சிலர் குறைப்பட்டார்கள். இந்தப் பையன்களில் பெரும்பாலானோருக்கு எந்தப் பங்கு என்றே தெரியாது என்பதே அவரது பதில். அவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று சக குருக்களே நம்பி, மனநல விடுதிக்குக் கொண்டுபோக முயன்ற கதையும் உண்டு.

1846 ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறன்று, வல்தொக்கோ என்ற புறநகர்ப் பகுதியில் பினார்தி என்பவருடைய கொட்டில் ஒன்றில் அவர்கள் குடியேறினார்கள். கூரை பதிந்திருந்ததால் நிலத்தைத் தோண்டி இறக்கவேண்டியிருந்தது. பின்னர் பேராயர் வந்தபோது அவருடைய முடி கூரையில் முட்டியது. அதே ஆண்டு பிற்பகுதியில் தாய் மார்கரீத்தாவும் மகனுக்குத் துணையாக வந்து சேர்ந்தார். இரவு தங்கவிட்ட பையன்கள் போர்வைகளோடு ஓடிப்போனதும் உண்டு. ஆனாலும் கதவு மூடப்படவில்லை.

மிக்கேல் மகோனே

1857 இலையுதிர்காலத்தில், கர்மஞ்ஞோலா ரயில் நிலையத்தில் சிறுவர் கூட்டம் ஒன்றை அதட்டி நடத்திக்கொண்டிருந்த மிக்கேல் மகோனேயை அவர் சந்தித்தார். தகப்பன் இல்லாத பிள்ளை. பாடசாலையிலிருந்து பலமுறை விலக்கப்பட்டவன். வல்தொக்கோவுக்கு வந்த பிறகும் அவன் ஓயவில்லை. விளையாட்டு மணி அடித்தால் அம்புபோல் பாய்வான், பாட மணி அடித்தால் முகம் வாடிவிடும்.

தொன் போஸ்கோ அவனை அடக்கி உட்காரவைக்க முயலவில்லை. பொறுமையுள்ள ஒரு மூத்த மாணவனை அவனுக்குத் துணையாக விட்டார். பிழைவிட்டால் மெதுவாகச் சொல்வது அவன் வேலை. சில வாரங்களில் மகோனே சோர்ந்து தனித்திருக்கத் தொடங்கினான். அதைக் கவனித்துக் கூப்பிட்டுப் பேசியபோது பையன் அழுதான். பின்னர் அவனே மற்றப் பிள்ளைகளுக்குத் துணையானான். 1859 ஜனவரியில், பதின்மூன்று வயதில் நோயால் இறந்தான். அவனது வாழ்க்கையைத் தொன் போஸ்கோ ஒரு சிறுநூலாக எழுதி வெளியிட்டார்.

அவன் இறந்த ஆண்டின் டிசம்பரிலேயே சலேசியன் சபை தோன்றியது. 1877இல் தமது கல்வி முறையை அவர் எழுதிவைத்தார். அறிவுக்கேற்ற காரணம், சமயம், அன்பு என்பன அதன் மூன்று தூண்கள். பெரியவர்கள் பிள்ளைகள் நடுவே இருக்கவேண்டும், அடிக்கக்கூடாது, பலர் முன்னிலையில் கண்டிக்கக்கூடாது, திருவருட்சாதனங்களுக்கு வற்புறுத்தக்கூடாது என்பன அதில் உள்ளவை. மற்றவர்களைக் கெடுக்கும் பையன்களை அவர் வீட்டுக்கு அனுப்பியதும் உண்டு. எல்லையே வைக்காத மனிதரல்ல அவர்.

எங்கள் பங்குகளில்

நான் பல ஆண்டுகள் மறையாசிரியராக இருந்திருக்கிறேன். ஒரு பங்கில், ஓரிடத்தில் இருக்கமுடியாத ஆறு வயது மகனோடு ஒரு தாய் வருவார். அவன் திடீரென்று கத்துவான், பீடத்தை நோக்கி ஓடுவான். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். சில வாரங்களில் அந்தத் தாய் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை கண்டார். பிறகு வரவேயில்லை. தும்புத்தடியைவிட அந்தப் பார்வைக்குப் பலம் அதிகம்.

கரெல்லிக்கும் மகோனேக்கும் இருந்தது வறுமையும் அநாதரவும். ஓட்டிசம் உள்ள பிள்ளையின் நிலை வேறு. அதற்கு வைத்தியரின், பயிற்சி பெற்றவரின் உதவி தேவை. ஆனால் தொன் போஸ்கோ செய்த சிறிய காரியங்களுக்குப் பெரிய செலவில்லை. முதலில் பெயரைக் கேட்டார். தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததைத் தேடினார். ஒரு துணையை ஏற்படுத்தினார். ஓட இடம் கொடுத்தார். எங்கள் பங்குகளிலும் தாயிடம் முன்கூட்டியே பேசி, பிள்ளைக்கு எது ஒத்துவராது என்று அறியலாம். பக்கவாட்டு வாசலருகே ஓர் இடம் ஒதுக்கலாம். பாட்டுப் புத்தகம் பகிரும் வேலையைக் கொடுக்கலாம். இளைஞர் ஒன்றியத்தில் ஒருவரைத் துணைக்கு விடலாம்.

தொன் போஸ்கோ 1888 ஜனவரி 31இல் மறைந்தார். 1934 உயிர்ப்புப் பெருவிழாவன்று திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவருடைய சொரூபத்துக்கு மாலை போடும் பங்குகள், ஆண்டுக்கு ஒரு தடவையாவது தங்கள் குடும்ப அட்டைகளை எடுத்து, கோவிலுக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகள் யார், ஏன் நின்றார்கள் என்று பார்த்தால் நல்லது. அந்த வீடுகளுக்கு யாராவது போகவேண்டும்.