மாடு முட்டினாலும் ஒரு நம்பர் உண்டு! - சாவுக் கணக்கை ஒழுங்குபடுத்திய பாரிஸ் டாக்டர்

தை முதல் நாள். அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் காளை முட்டி ஒருத்தர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போறார்னு வெச்சுக்கோங்க. காயத்துக்கான காரணத்தை ஐசிடி-10 பட்டியல்படி எழுதினா, டபிள்யூ 55. நாய் கடிச்சிருந்தா டபிள்யூ 54. டிஸ்சார்ஜ் சம்மரியிலோ, இன்ஷூரன்ஸ் பேப்பரிலோ இப்படி ஓர் எழுத்தும் சில எண்களும் நீங்களும் பார்த்திருக்கலாம். அதுக்கு விதை போட்டவர்களில் முக்கியமானவர் ஜாக் பெர்ட்டியோன்.

1851-ல் பிறந்தவர். 'டெமோகிராபி' என்ற சொல்லை உருவாக்கியது இவரோட அம்மாவழித் தாத்தா. அப்பா டாக்டர், புள்ளியியலாளரும்கூட. தம்பி அல்போன்ஸ், உடல் அளவுகளை வெச்சு குற்றவாளிகளை அடையாளம் காணும் முறையை போலீஸுக்குத் தந்து புகழ்பெற்றவர். தம்பி மனுஷங்களை அளந்தார். அண்ணன் மரணங்களை எண்ணினார்.

டாக்டருக்குப் படித்த ஜாக், 1883-ல் அப்பா இடத்துக்கு வந்து பாரிஸ் நகரப் புள்ளிவிவர அலுவலகத் தலைவரானார். அப்போ பெரிய தலைவலி என்ன தெரியுமா? ஒரே நோய்க்கு நாட்டுக்கு நாடு வேற வேற பெயர். எந்த ஊரில் எதனால் அதிகம் பேர் சாகிறாங்கன்னு ஒப்பிடவே முடியாது.

சர்வதேசப் புள்ளியியல் கழகம் இவர் தலைமையில் குழு போட்டது. 1893-ல் சிகாகோ கூட்டத்தில் பட்டியலை வெச்சார். சுருக்கமா 44, நடுத்தரமா 99, விரிவா 161 தலைப்புகள். 1898-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் அதை ஏற்கச் சொன்னதோட, பத்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்தணும்னும் சொன்னது. மருத்துவம் மாறினா பட்டியலும் மாறணுமே! 1900-ல் 26 நாடுகள் பாரிஸில் கூடி முதல் திருத்தம் செய்தன. தொடர்ந்து வந்த இரண்டு திருத்தங்களுக்கும் அவரே தலைமை. 1922-ல் மறைந்தார்.

1948-ல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்றதும், மரணங்களோடு நோய்களும் பட்டியலில் சேர்ந்தன. 2020-ல் கொரோனாவுக்கு அவசரமா யு 07.1 என்ற நம்பர் கிடைச்சது. 2022-ல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-க்கு, மாற்றம் வேணும்னா ஆன்லைனில் பதிவு செஞ்சு யாரும் யோசனை அனுப்பலாம்; நிபுணர்கள் பரிசீலிச்சு முடிவெடுப்பாங்க. நம்ம சித்த மருத்துவத்தின் நோய்ப் பெயர்களுக்கான பகுதியும் 2024 ஜனவரியில் டெல்லியில் வெளியானது.

ஆனா, நம்பர் எவ்வளவு துல்லியமா இருந்தாலும், முதலில் எழுதுற கைதான் முக்கியம். இறப்புச் சான்றில் இதயம் நின்றதுன்னு மட்டும் எழுதினா, அது ஏன் நின்றது? டெங்குவா, சர்க்கரை நோயா, விபத்தா? கணக்கில் வராத நோய்க்கு மருந்தும் நிதியும் தேடி வராது. அடுத்த முறை டிஸ்சார்ஜ் சம்மரியை மடிச்சு வைக்கிறதுக்கு முன்னாடி, நோயின் பெயர் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. புரியலைன்னா டாக்டரிடமே கேளுங்க.