தூண்டிற்காரரின் மனைவி

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரவு களப்பில் கிடந்த தோணிகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வரும். விற்றது போக நாலு மணலையோ ஓராவோ வீட்டுக்கென்று ஒதுக்கப்படும். மனைவி அதை வாங்கிக் கழுவி, புளியாணம் காய்ச்ச அடுப்பை மூட்டுவாள். அன்றாடம் நடக்கிற காரியம். இதற்காக யார் முழந்தாட்படியிட்டு நன்றி சொல்லப் போகிறார்கள்?

கணவர் ஆற்றங்கரையிலிருந்து தூண்டிலோடு திரும்பி வருவதையே பெரும் பாக்கியமாக எண்ணி வாழ்ந்த ஒரு பெண்ணைத் திருச்சபை பீடத்தில் உயர்த்தியிருக்கிறது. அவர்தான் நம் வீடுகளில் சிறுமலர் என்று அழைக்கப்படும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவைப் பெற்ற தாய், செலி மார்ட்டின். 2015 ஆம் ஆண்டு ஒக்டோபர் 18 ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ், செலிக்கும் அவருடைய கணவர் லூயிக்கும் ஒன்றாகவே புனிதர் பட்டம் வழங்கினார். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து அப்பட்டம் பெற்ற முதல் தம்பதியர் இவர்களே. இருவருக்கும் ஒரே திருநாள், யூலை 12. அவர்கள் இறந்த நாளல்ல அது. அவர்களுடைய கலியாண நாள்.

செலி 1831 ஆம் ஆண்டு டிசம்பர் 23 இல் பிரான்ஸ் தேசத்து நோர்மண்டிப் பகுதியில் பிறந்தார். தகப்பன் காவற்படையில் இருந்தவர். தாயோ மிகவும் கண்டிப்பானவர். விளையாட ஒரு பொம்மைகூடக் கிடைக்காத பிள்ளைப்பருவம் செலியினுடையது. கன்னியர் மடத்தில் சேரக் கேட்டார், சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே தம் ஊரான அலன்சோனில் பேர்போன ரேந்தை பின்னும் தொழிலைக் கற்று, இருபது வயது கடந்த சில ஆண்டுகளிலேயே சொந்தமாகத் தொழில் நடத்தத் தொடங்கினார்.

லூயியின் கதையும் இதுவே. மலைமேல் இருந்த துறவு மடமொன்று, இலத்தீன் தெரியாதென்று அவரைத் திருப்பி அனுப்பியது. மணிக்கூடு திருத்துபவராக அலன்சோனில் கடை வைத்தார். ஊர் ஆற்றின் பாலத்தில் எதிரெதிரே வந்தபோது செலி அவரை முதன்முதலாகக் கண்டார். மூன்று மாதத்தில் கலியாணம். 1858 யூலை 12 நள்ளிரவில் கோவிலில் கைப்பிடித்தபோது அவருக்கு வயது 34, செலிக்கு 26.

மடம் வேண்டாமென்ற இருவர் சேர்ந்து அமைத்த வீடு எப்படியிருந்தது? விடியுமுன் பூசைக்குப் போவார்கள். பிறகு செலி யன்னலருகே ரேந்தையோடு உட்கார்ந்தால் இரவு வெகுநேரம் செல்லும். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். 1867 முதல் 1870 வரை, நான்கே ஆண்டுகளில், நான்கு பிள்ளைகளைப் புதைத்தார்கள். ஆண் குழந்தைகள் இருவரும் ஒரு வயது நிறையுமுன்னரே போனார்கள். இதைச் சொல்லாமல் அவர்களுடைய சந்தோஷத்தை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

லூயிக்குத் தெரிந்த சந்தோஷங்கள் சின்னச் சின்னவை. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்து கொடுப்பார், பழைய பாட்டுகள் பாடுவார், தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார். பிடித்த மீனில் ஒரு பங்கு கிளாரா சபைக் கன்னியர் மடத்துக்குப் போகும். மனைவியின் தொழில் பெருகியபோது, 1870 இல் தம் கடையை மருமகனுக்கு விற்றுவிட்டு அவருடைய கணக்கு வழக்குகளைப் பார்க்க வந்தார். மனைவியின் தொழிலுக்குக் கைகொடுக்க எத்தனை ஆண்பிள்ளைகள் அப்படி இறங்கி வருவார்கள்?

செலியின் கடிதங்கள் இருநூறுக்கு மேல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பக்திப் பிரசங்கம் தேடுபவர் ஏமாந்துபோவார். வேலைக்காரி, காய்ச்சல், பிள்ளைகளின் குறும்பு, வாங்க வேண்டிய உடுப்பு இவையே பெரும்பாலும். நடுநடுவே நன்றி தலைகாட்டும். கலியாணமாகி ஐந்தாம் வருடம் தம்பிக்கு எழுதும்போது, தம் கணவர் வாழ்வை இனிமையாக்குகிறார், எல்லாப் பெண்களுக்கும் இப்படியொருவர் வாய்க்கட்டும் என்று எழுதுகிறார்.

1873 ஆவணி முடிவில் பிள்ளைகளோடு தம்பி வீட்டுக்கு, லிசியே நகருக்குப் போனார். உபசாரத்துக்குக் குறைவில்லை, பிள்ளைகளும் துள்ளிக் குதித்தார்கள். செலிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. கணவர் தண்ணீரிலிருந்து இழுத்தெடுக்கும் மீன்களைப் போலத் தாம் தவிப்பதாகவும், இந்நேரம் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நாள் முழுக்க எண்ணுவதாகவும், புதன்கிழமை மாலை எப்போது வருமென்றிருப்பதாகவும் அவருக்கே எழுதினார். கலியாணமாகிப் பதினைந்து வருடமான, நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்த நாற்பத்தொரு வயதுப் பெண் எழுதிய கடிதம் இது!

1876 டிசம்பரில், மார்பிலிருந்த கட்டி புற்றுநோய் என்றும், சத்திரசிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றும் வைத்தியர் சொன்னார். செலி தையலை விடவில்லை. லூயிதான் நொறுங்கிப் போனார். நண்பர்களிடம் போவதை நிறுத்தினார். தூண்டில்களைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட்டார். அதையும் செலியே கடிதத்தில் எழுதியிருக்கிறார். தம் நோவைவிட அவருடைய அந்தத் தூண்டில்கள்தாம் கண்ணில் பட்டன போலும்.

அடுத்த ஆண்டு யூனில் மூத்த பெண்கள் மூவரோடு லூர்து மாதாவிடம் போய் வந்தார். சுகம் கிடைக்கவில்லை. 1877 ஓகஸ்ட் 28 இல் கண்ணை மூடினார். கடைக்குட்டி தெரேசாவுக்கு அப்போது நாலரை வயது.

லூயி ஐந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு லிசியே நகருக்குக் குடிபோனார். தெரேசா தம் சரிதையில் அந்நாட்களை நினைவுகூருகிறார். தகப்பன் மறுபடியும் மீன்பிடிக்கப் போனார். அவளையும் கூட்டிச் செல்வார். அவர் ஆற்றில் தூண்டில் போட்டுக் காத்திருக்க, சற்றுத் தள்ளிப் புல்லின்மேல் அவள் இருப்பாள், அக்கா பழப்பாகு பூசிக் கட்டிக் கொடுத்த பாணோடு.