யானை சுட்ட துரை, காட்டுக்குக் காவலரான கதை: தியோடர் ஹப்பேக்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகாத தமிழர் இருக்க மாட்டார். வெள்ளைக் கோபுரங்களும் வளைவுகளுமாக நிற்கும் அந்த நிலையம் 1910ல் திறக்கப்பட்டது. ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பல குடும்பங்களுக்கு அது வேலையிடம், வழியனுப்பிய இடம், பிழைப்பு தந்த இடம். அதை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். ஆற்றங்கரையில் இருக்கும் ஜாமிஆ பள்ளிவாசலும் அவர் கைவண்ணம்தான். கட்டடக்கலை பற்றிப் பேசுகிறவர்கள் இவரை மறப்பதில்லை.

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். இரண்டு வயதுகூட வித்தியாசம் இராது. பெயர் தியோடர் ரத்போன் ஹப்பேக். பேர் சொல்லும் கட்டடம் எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. அவர் விட்டுச் சென்றது ஒரு காடு. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு. பள்ளி விடுமுறையில் வேன் பிடித்து நம் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோமே, அந்தத் தாமான் நெகாரா.

தியோடர் 1872ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தார். தந்தை ஜோசப் ஹப்பேக் அந்நகரின் மேயராக இருந்தவர். வசதியான குடும்பம். இளவயதில் கிரிக்கெட்டில் கெட்டிக்காரர். 1892ல் லங்காஷயர் அணிக்காக விளையாடினார். அண்ணனைப் போலவே அவரும் 1890களில் மலாயாவுக்கு வந்தார். பொறியாளராகத் தொழில் தொடங்கி, பிறகு ரப்பர் தோட்டத் துரை ஆனார்.

அந்தக் கால மலாயாவை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று டோல் சாவடியும் செம்பனையும் இருக்கும் இடமெல்லாம் அன்று அடர்ந்த காடு. 1894ல் தெலுக் இந்தான் அருகே ஓர் ஆண் யானை ஓடும் ரயிலை எதிர்த்து முட்டி அதைத் தண்டவாளத்திலிருந்து இறக்கியது. யானையும் அங்கேயே செத்தது. அதன் நினைவாக அந்த இடத்தில் பலகை நட்டார்கள். யானை, புலி, காண்டாமிருகம், செலாடாங் என்னும் காட்டெருது, இவை ஊருக்கு வெளியே கூப்பிடு தூரத்தில் திரிந்த காலம்.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் துரைமார்களுக்கும் வேட்டை என்பது அந்தஸ்து. வரவேற்பறைச் சுவரில் கொம்பு மாட்டாத பங்களா குறைவு. தியோடரும் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் மற்றவர்களைப் போல ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காரர் அல்லர். வாரக்கணக்கில் காட்டுக்குள் நடப்பார். படகு போகும் வரை ஆற்றில் படகு, அதற்கு மேல் கால்நடை. மலாய், பூர்வகுடி வழிகாட்டிகளுடன் அட்டை கடித்தாலும் மழை கொட்டினாலும் ஒரே காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் போவார். செலாடாங்கைச் சுடுவது புலி வேட்டையைவிட ஆபத்தானது என்பார்கள். அடிபட்ட செலாடாங் ஓடுவது போல் போக்குக்காட்டிப் புதருக்குள் காத்திருந்து பாயும்.

அந்த அனுபவங்களை வைத்து 1905ல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். யானை, செலாடாங் வேட்டை பற்றியது. 1912ல் பகாங் காடுகளில் மூன்று மாதம் சுற்றியதைப் பற்றி இன்னொன்று. எத்தனை உயிர்களைச் சுட்டார் என்று எண்ணிப் பெருமைப்பட இன்று யாரும் முன்வர மாட்டார்கள். அன்றைக்கு அதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

ஆனால் காலடி பார்த்து நடக்கிறவனுக்குத்தான் காலடி குறைவதும் முதலில் தெரியும்.

அவர் வேட்டையாடிய அதே வருடங்களில்தான் ரப்பர் விலை ஏறியது. காடு காடாக வெட்டி எரித்துப் பால்மரம் நட்டார்கள். மலாய், ஜாவா, சீனக் குத்தகை ஆட்கள் காட்டை வெட்டினார்கள். நட்டுக் களையெடுத்துப் பால் வெட்ட நம் முன்னோர் வந்தார்கள். யானைகள் பரம்பரையாக நடந்த தடங்களின் மேல் இப்போது லயங்கள் எழுந்தன. யானைக்கு அது தெரியுமா? வழக்கம் போல் வந்தது. இரவில் வந்து இளம் மரங்களைப் பிடுங்கிப் போட்டது, வாழையைத் தின்றது. காலையில் துரைக்கு நஷ்டக் கணக்கு. ராத்திரியில் தகரம் தட்டியும் தீப்பந்தம் காட்டியும் விரட்ட வேண்டியவர் தோட்டத் தொழிலாளி. யானையின் காலில் மிதிபடுவோமோ என்ற பயமும் அவருக்குத்தான்.

துரைமார்களின் தீர்வு சுலபமானது: சுட்டுத் தள்ளு. சேதம் செய்யும் யானை என்று சொன்னால் சுட அனுமதி கிடைத்தது. அதில்தான் தியோடர் குறுக்கே நின்றார். தானும் ஒரு தோட்டத் துரையாக இருந்தவர், தன் இனத்தவரோடு கிளப்பில் சேர்ந்து உட்கார வேண்டியவர். சேதம் என்ற பெயரில் தந்தத்துக்காகவும் வேடிக்கைக்காகவும் யானைகள் கொல்லப்படுகின்றன என்பது அவர் வாதம். சேதத்தைத் தடுக்கும் வேலை தேர்ந்த ஆட்கள் கொண்ட ஓர் இலாகாவிடம் இருக்க வேண்டும், துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் அல்ல என்று அவர் விடாமல் சொன்னார். பலருக்கு அது எரிச்சலாக இருந்தது. மனிதர் பிடிவாதக்காரர், விட்டுக்கொடுத்துப் பேசத் தெரியாதவர். அந்தக் குணம் அவருக்கு எதிரிகளைச் சேர்த்தது, ஆனால் காரியமும் அதனால்தான் நடந்தது என்று தோன்றுகிறது.

இதற்கிடையில் அவர் வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அலாஸ்கா வரை போய் வந்தார். அங்கேயும் வேட்டைதான். 1921லும் 1929லும் அந்தப் பயணங்கள் பற்றிப் புத்தகங்கள் வந்தன. துப்பாக்கியை அவர் ஒரே நாளில் கீழே வைத்துவிட்டு முனிவர் ஆகிவிடவில்லை. வேட்டையும் பாதுகாப்பும் பல வருடம் ஒரே மனிதருக்குள் சேர்ந்தே இருந்தன. உலகம் முழுக்க அப்படித்தான் நடந்தது. 1903ல் பிரிட்டிஷ் பேரரசின் விலங்குகளைக் காக்க லண்டனில் சங்கம் தொடங்கியவர்களில் பலர் ஆப்பிரிக்காவில் சுட்டுக் குவித்த பழைய வேட்டைக்காரர்கள்தான்.

பகாங்கில் 1923ல் கிராவ் காடும், 1925ல் குனோங் தாஹான் மலையைச் சுற்றிய காடும் விலங்குகளுக்கான ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டன. இரண்டாவதன் பின்னால் தியோடரின் வற்புறுத்தல் இருந்தது. ஆனால் ஒதுக்கிடம் என்பது அரசிதழில் ஒரு வரி. இன்று எழுதலாம், நாளை அழிக்கலாம். ஈயமோ நல்ல மண்ணோ கண்ணில் பட்டால் எல்லைக்கோடு நகர்ந்துவிடும். நகர்த்த முடியாத ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார்.

1930ல் மலாயா வனவிலங்கு விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. அதை நடத்தியவர் தியோடர். மாநிலம் மாநிலமாகச் சென்று அதிகாரிகள், துரைமார்கள், விவசாயிகள் என்று பலரிடம் சாட்சியம் வாங்கினார். 1932ல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. நாடு முழுவதற்கும் ஒரே வனவிலங்கு நிர்வாகமும், சட்டத்தால் கட்டிக் காக்கப்படும் ஒரு தேசியப் பூங்காவும் வேண்டும் என்பது அதன் சாரம்.

நேரம் சரியில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்தது. வேலை இழந்த தமிழர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மனிதர்களுக்கே சோறு போட மனமில்லாத அரசு, யானைக்கு ஓர் இலாகா அமைக்குமா? தோட்டங்களைக் கட்டியெழுப்பிய கைகளையும் தோட்டங்களுக்கு இடம்விட்ட விலங்கையும் அன்றைய கணக்குப் புத்தகம் ஏறக்குறைய ஒரே பக்கத்தில்தான் எழுதி வைத்தது.

தியோடர் லண்டன் பக்கம் திரும்பினார். அங்கே அப்போது எல்லாரும் பேசியது ஆப்பிரிக்காவைப் பற்றி. தென்னாப்பிரிக்காவில் 1926ல் குரூகர் தேசியப் பூங்கா அமைந்து, மோட்டார் காரில் உட்கார்ந்தபடியே சிங்கத்தையும் யானையையும் பார்க்க ஜனங்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். 1933ல் ஆப்பிரிக்க விலங்குகளைக் காக்க லண்டனில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையும் செய்தன. ஆப்பிரிக்காவுக்குச் செய்ததை மலாயாவுக்கும் செய்யுங்கள் என்று அந்த வட்டாரத்தில் தியோடர் விடாமல் வற்புறுத்தினார்.

ஆனால் ஆப்பிரிக்கப் புல்வெளி வேறு, நம் மழைக்காடு வேறு. குரூகருக்கோ போட்ஸ்வானா சதுப்பு நிலங்களுக்கோ போய்வந்தவர்கள் கைப்பேசியில் நூறு யானைப் படம் காட்டுவார்கள். தாமான் நெகாராவுக்குப் போய்வந்து ஒரு குரங்குகூடக் கண்ணில் படவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறவர்களும் நம்மில் உண்டு. இங்கே விலங்கு இலைக்குப் பின்னால் நிற்கும். மண்ணில் உப்பு ஊறும் இடங்களில், இரவு முழுக்கக் கொசுக்கடியில் காத்திருந்தால் மட்டும் தரிசனம் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத விலங்குக்காகப் பணம் ஒதுக்கச் சொல்லி அரசாங்கத்தை நம்ப வைப்பது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பார்க்கலாம்.

கடைசியில் வழி பிறந்தது சுல்தான்களால். 1935ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டமேறியதன் வெள்ளிவிழா. அதன் நினைவாகப் பகாங், கிளந்தான், திரெங்கானு சுல்தான்கள் மூவரும் எல்லைகள் சந்திக்கும் தங்கள் நிலத்தை ஒன்றாக ஒதுக்க முன்வந்தார்கள். பகாங் சுல்தான் அபு பக்கர் இதில் ஆர்வம் காட்டியவர். கிளந்தான் 1938லும் மற்ற இரு மாநிலங்கள் 1939லும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றின. ஒரே காடு, மூன்று சட்டங்கள். இந்தக் கட்டை அவிழ்ப்பது கடினம். தியோடர் தேடியதும் அதைத்தான். பெயர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா.

அப்போது அவருக்கு 66 வயது. கௌரவத் தலைமை வனவிலங்குக் காவலர் என்ற பொறுப்பில் பல காலம் இருந்தவர். அதே 1939ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் இரட்டைக் கொம்புக் காண்டாமிருகம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். வருடக்கணக்கில் அதன் தடத்தைத் தேடி நடந்து, அது புரளும் சேற்றுக்குழிகளையும் தின்னும் செடிகளையும் பார்த்துச் சேர்த்த விவரங்கள். மருந்துக்கென்று கொம்பு வாங்கும் வியாபாரிகளால் அந்த விலங்கு அழியப் போகிறது என்பது அவருக்கு அப்போதே கவலை.

இரண்டே வருடத்தில் ஜப்பானியர் வந்திறங்கினார்கள். 1942ல், நாடே சிதறி ஓடிய அந்த வருடத்தில், தியோடர் ஹப்பேக் மறைந்தார். தான் பாடுபட்டு உருவாக்கிய பூங்காவை அமைதியான காலத்தில் மூன்று வருடம்கூட அவர் பார்க்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மன்னர் பெயர் போய்த் தாமான் நெகாரா என்ற பெயர் வந்தது. அவர் கேட்ட ஒரே சட்டம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமாக 1972ல்தான் தீபகற்பத்துக்குக் கிடைத்தது. தெம்பெலிங் ஆற்றில் அணை கட்டிப் பூங்காவின் ஒரு பகுதியை மூழ்கடிக்கும் திட்டம் ஒருமுறை எழுந்தது. இந்த முறை எதிர்த்தவர்கள் மலேசியர்களே. பயனீட்டாளர், இயற்கை ஆர்வலர் அமைப்புகள் குரல் கொடுத்தன. 1980களில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. பாத்தேக் பூர்வகுடி மக்கள் இன்றும் அந்தக் காட்டில் வாழ்கிறார்கள்.

எல்லாம் காப்பாற்றப்படவில்லை. அவர் தடம் தேடி நடந்த காண்டாமிருகம் தீபகற்பத்தில் இன்று இல்லை. நாட்டின் கடைசிப் பெண் காண்டாமிருகம் இமான் 2019 நவம்பரில் சபாவில் செத்தது. பூங்காவின் எல்லை நின்றது, கொம்பு திருடுகிறவன் எல்லைக்குள்ளே வந்துவிட்டான்.

யானைகள் இன்னும் இருக்கின்றன. தோட்டத்துக்கும் யானைக்குமான வழக்கும் தீர்ந்தபாடில்லை. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனைக் கன்று, அவ்வளவுதான் மாற்றம். 1974 முதல் வனவிலங்கு இலாகா ஒரு முறையைக் கையாள்கிறது. தோட்டத்துக்குள் புகுந்த யானைக்கு மயக்க ஊசி போட்டு, பழக்கப்பட்ட இரண்டு யானைகளுக்கு நடுவில் கட்டி நடத்தி, லாரியில் ஏற்றுகிறார்கள். அந்தப் பழக்கிய யானைகள்தான் லஞ்சாங் அருகே கோலா கண்டாவில், கிராவ் காட்டின் ஓரத்தில், நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கரும்பு ஊட்டி மகிழும் யானைகள். லாரியில் ஏறியது நாள் முழுக்க ஓடி, பிறகு மிதவையில் ஏரியைக் கடந்து ஒரு பெரிய காட்டின் விளிம்பில் இறக்கிவிடப்படுகிறது. அப்படி இறக்கிவிட இன்று மிஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று தாமான் நெகாரா.