மின்வேதியியலுக்கு மனையீந்த வள்ளல்

செல்வம் படைத்தோர் கோயில் எடுப்பித்தலும் சத்திரம் அமைத்தலும் செட்டிநாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆயின், கண்ணுக்குப் புலனாகாத மின்னணுக்களின் இயக்கத்தை ஆராய்தற்பொருட்டு நிலமும் பொருளும் ஒருங்கே ஈந்த செல்வர் ஒருவரும் அந்நாட்டில் தோன்றினார். அவரே ராம. அழகப்பச் செட்டியார் ஆவர்.

அன்னார் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் அங்குக் கற்றார். ஆயினும் வழக்குமன்றம் அவரைத் தன்பால் நிறுத்தவில்லை. நூலாலை, மலேயா நாட்டு வெள்ளீயச் சுரங்கம், காப்பீடு, விமானப் போக்குவரத்து எனப் பல துறைகளிற் புகுந்து பெரும்பொருள் ஈட்டினார்.

1947இல் சென்னையில் நிகழ்ந்த அன்னி பெசண்ட் அம்மையார் நூற்றாண்டு விழாவில், துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் கல்லூரிகள் நிறுவச் செல்வர்கள் முன்வருமாறு வேண்டினார். அவையிலிருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து இசைவு தெரிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்கிற்று. கொடையை நாளைக்கு என்று ஒத்திவைக்கும் இயல்பு அவரிடம் இருந்ததில்லை.

விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆராய்ச்சிக்கூடங்களை நிறுவத் தொடங்கியபொழுது, மின்வேதியியல் நிலையத்திற்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அவர் வழங்கினார். நேரு பெருமான் 1948 ஜூலை 25ஆம் நாள் அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார். இலக்கியம் கற்ற ஒருவர் இத்துறையின் அருமையை உணர்ந்தமை, விஞ்ஞானக்கூடத்தின் வாயிலைக் கண்டும் விலகிச்செல்லும் எம்மனோர்க்குச் சற்றே நாணந் தருவதாகும்.

மின்வேதியியல் நமக்கு எட்டாத பொருளன்று. கடற்கரைக்கு அணித்தாய எங்கள் அணுபுரத்தில் இரும்புக் கதவு உப்புக்காற்றால் துருவேறுதலும் அதன்பாற் பட்டதே. துருவைத் தடுத்தலோடு, மின்கலங்களைச் செம்மைப்படுத்தலும் காரைக்குடி அறிஞர்தம் தொழிலாகும். அவற்றுள் ஒன்று பாலிமர்ச் சவ்வு கொண்ட எரிபொருள் மின்கலம். அதன் ஒரு மின்வாயில் ஹைடிரஜன் பிளவுபடும். மின்னணுக்கள் கம்பி வழியே சென்று விளக்கெரிக்கும். எஞ்சிய புரோட்டான்கள் சவ்வினூடே கடக்கும். மறு மின்வாயில் இரண்டும் பிராணவாயுவோடு கூடி நீராகும். புகையில்லை, சாம்பலுமில்லை.

இடர் முழுதும் மின்வாயில்தான் உள்ளது. பிராணவாயு எளிதில் வினைபுரியாது. அதனைத் தூண்டப் பிளாட்டினம் வேண்டும். அப்பிளாட்டினத் துகள் ஒவ்வொன்றையும் வாயு வந்து தொடவேண்டும். மின்னணு செல்லக் கரியும், புரோட்டான் செல்லப் பாலிமரும் அதனை ஒட்டியிருத்தல் வேண்டும். பாலிமர் மிகின் வாயுவின் வழி அடைபடும். குறையின் துகள் பயனின்றிக் கிடக்கும். விளைந்த நீர் தேங்கினாலும் கேடு. சவ்வு உலர்ந்தாலும் கேடு. நெல் வயலுக்கு நீர் பாய்ச்சுவோன் அறிந்த இக்கட்டே இது! பிளாட்டினத்தை நுண்டுகளாகக் கரித்தூளின்மேற் பரப்பி, பாலிமரையும் உடன்கலந்தமையால், சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் வேண்டியிருந்த அவ்வுலோகம் 0.4 மில்லிகிராமாகக் குறைந்தது. பத்திலொரு பங்காகிய அக்குறைவைக் காணப் பல நாட்டு அறிஞர்க்குப் பல்லாண்டு தேவைப்பட்டன. இன்னும் குறைக்கும் முயற்சி நடைபெற்றுவருகின்றது.

பஞ்சு வாங்கி நூல் விற்பவர்க்கு ஆண்டிறுதியில் இலாபக் கணக்கு தெரிந்துவிடும். இக்கொடைக்கோ அத்தகைய கணக்கே இல்லை. இவ்வகை மின்கலம் ஜெமினி விண்கலத்தில் ஏறிச்சென்றது 1965இல். அதனைக் கேள்வியுறவும் அழகப்பர் இருந்திலர். தம் இல்லத்தையும் பெண்கள் கல்லூரிக்கு ஈந்த அவரை நோய் நெடுநாள் வருத்திற்று. நிலையம் திறந்த நான்காண்டுகளில், 1957 ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிரம்புவதற்கு ஒருநாள் முன்னர் அவர் காலமானார்.