மேலதிகாரியின் பொறாமையைத் தாண்டி வந்த சுப்பாராவ்

உயிரியல் படித்த இடைநிலைப்பள்ளி மாணவர் யாரும் ஏ.டி.பி. என்ற மூன்று எழுத்துகளைச் சந்திக்காமல் தப்பித்திருக்க முடியாது. உயிரணு தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் நாணயம் என்று ஆசிரியர் சொல்லித் தருவார். நானும் அதை மலாய்மொழிப் பாடநூலில் படித்து, படம் வரைந்து, எஸ்.பி.எம். தேர்வில் எழுதிவிட்டு வந்தவன்தான். அந்தப் பொருளைத் தசையிலிருந்து பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர் சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் என்பதும், மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான் தேறியவர் என்பதும் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. அவர் பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இளமை வறுமையையும் கடைசிக் காலச் சாதனைகளையும் சொல்லிவிட்டு நடுப்பகுதியை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த நடுப்பகுதிதான் பெரிதாகப் படுகிறது. அதில் பல ஆண்டுகளை அவர் திறமைசாலியான, ஆனால் தனக்குக் கீழே வேலை செய்பவரின் வளர்ச்சியைப் பார்க்கப் பொறுக்காத ஒரு மேலதிகாரியிடம் கழித்தார். பகுதி நேர வேலைக்கும் தொழிற்பயிற்சிக்கும் போகிற வயதில் இருக்கும் நம்மில் பலருக்கு இப்படி ஒருவர் எதிர்ப்பட்டிருப்பார், அல்லது இனிமேல் எதிர்ப்படுவார்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் நாள், இன்றைய ஆந்திர மாநிலத்தின் பீமவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. அண்ணன் தம்பிகளில் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்னும் வெப்பமண்டல வயிற்றுநோயால் இறந்தார்கள். உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல், இரத்தம் குறைந்து, ஆள் உருகிப்போகும் நோய் அது. அந்த இழப்புதான் அவரை மருத்துவ ஆராய்ச்சியின் பக்கம் தள்ளியது. மாமனாரின் பண உதவியோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

சிறுபிள்ளைத்தனமான மேலதிகாரி என்றால் முதலில் சந்தித்தவர் அங்கேதான் இருந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டு சுப்பாராவ் கதராடை உடுத்த ஆரம்பித்தார். அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியில் வந்தது பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே செய்திருந்தும் சுப்பாராவுக்கு முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அரசு மருத்துவப் பணியும் அமையவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக் கொடுத்தார். ஒரு துணியின் மேல் வந்த கோபம் ஒருவருடைய சான்றிதழில் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது. கடல் கடந்து போன பிறகும் அந்தச் சான்றிதழ் அவரை விடவில்லை.

காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் அறநிதியும் மாமனாரும் கைகொடுக்க, 1923-இல் பாஸ்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். கருவுற்றிருந்த மனைவியிடம் சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. பிறந்த மகன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே குழந்தைப் பருவத்தில் நோய்த்தொற்றால் இறந்தான். இதை எழுதும்போது அவர் மீது எனக்குக் கொஞ்சம் கோபமும் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்றார். ஆனால் எல்.எம்.எஸ். தகுதியை வைத்து அங்கே மருத்துவராகப் பணியாற்ற முடியாது. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை பார்த்தார். பகலில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் இடம் கிடைத்தது. துறைத் தலைவர் ஆட்டோ ஃபோலின். அவர் சுப்பாராவை அதே துறையில் இருந்த சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்த்து வேலை செய்ய வைத்தார்.

ஆரம்பம் அருமையாக இருந்தது. இரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டார்கள். கரைசல் எவ்வளவு ஆழமான நீலமாக மாறுகிறதோ, அவ்வளவு பாஸ்பேட் அதில் இருக்கிறது என்று பொருள். உயிர்வேதியியல் படிக்கிறவர்கள் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரை இன்றும் ஆய்வகக் கையேட்டில் பார்க்கலாம். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தசைக்குள் தேடியதில் 1927-இல் பாஸ்போகிரியேட்டின் அகப்பட்டது. 1929-இல் ஏ.டி.பி. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். தசை சுருங்குவதற்கான ஆற்றல் லாக்டிக் அமிலம் உண்டாவதிலிருந்து வருகிறது என்று 1922-இல் நோபல் பரிசு பெற்ற ஹில்லும் மேயர்ஹாஃபும் வளர்த்த விளக்கம் இருந்தது. பாஸ்பேட் சேர்மங்கள் வந்ததும் அது ஆட்டம் கண்டது. நேற்று வரை இரவில் பாத்திரம் கழுவியவர் நோபல் அறிஞர்களின் விளக்கத்தையே திருத்தும் வேலையில் பங்கெடுத்தார். 1930-இல் முனைவர் பட்டமும் வந்தது.

அதன் பிறகுதான் சிக்கல். ஃபிஸ்க்குக்கு நியாயம் செய்ய வேண்டும்: மேலே சொன்ன கட்டுரைகளில் சுப்பாராவின் பெயரை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் அதே துறையில் அப்போது முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இன்னொருவர் இருந்தார். பின்னாளில், 1988-இல், மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மற்றவர்கள் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டி வந்தது என்றும், ஃபிஸ்க் பொறாமையால் அவற்றை வெளியே வரவிடாததே அதற்குக் காரணமாகத் தெரிகிறது என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். கூடவே இருந்து பார்த்தவர் சொன்னது என்பதால் இதை வெறும் வம்புப் பேச்சாகத் தள்ள முடியவில்லை.

இதைப் படித்தபோது நான் பகுதி நேரமாக வேலை செய்த ஒரு கடையின் மேற்பார்வையாளர் நினைவுக்கு வந்தார். வாடிக்கையாளர் யாராவது எங்களில் ஒருவரைப் பாராட்டிவிட்டால் போதும், மறுநாள் அந்த ஆளுக்குப் பின்கட்டில் பெட்டி அடுக்கும் வேலை. முகம் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் பேசமாட்டார். நாற்பது வயதுக்காரர். எனக்கு அது மூன்று மாதச் சம்பளத்தோடு முடிந்த கதை. வேண்டாம் என்றால் அடுத்த கடைக்குப் போயிருப்பேன். சுப்பாராவுக்கு அந்த வசதி இல்லை.

ஏன் இல்லை என்பதை விளங்கிக்கொள்ள அமெரிக்கச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது 1923-இல்தான். சுப்பாராவ் பாஸ்டனில் இறங்கியதும் அதே ஆண்டில். 1946 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. ஆராய்ச்சி மேசையில் இடம் இருக்கும் வரைதான் அவருக்கு அங்கே ஒரு வாழ்க்கை. மேலதிகாரியைப் பகைத்துக்கொண்டால் போவது வேலை மட்டும் அல்ல.

நான் வளர்ந்த சுங்கை வேயில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 1970-களில் இங்கே தொடங்கிய சுதந்திர வர்த்தக மண்டலத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் எதுவும் பேசாமல் நிற்பதைப் பார்த்து, பயந்த சுபாவம் என்று நினைப்பவர்கள் உண்டு. சுபாவத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

கூட்டமாக இருந்தவர்கள் வேறு வழி எடுத்ததும் நம் வட்டாரத்திலேயே நடந்திருக்கிறது. 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றவர்களின் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வு, கொடுமைக்கார ஊழியர்களை நீக்குவது ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. வளர்ந்த மனிதர்கள் சைக்கிளுக்காக மல்லுக்கு நின்ற அந்த வீம்பும், கண்டுபிடிப்பை வெளியே விடாத அந்த வீம்பும் ஒரே வகை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், இராணுவம் இறங்கியது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நின்றே கொடுத்த விலை இது. ஹார்வர்டு ஆய்வகத்தில் சுப்பாராவ் தனி ஆள்.

அவர் என்ன செய்தார்? சண்டை போடவில்லை, அதே நேரம் ஃபிஸ்க்கின் மேசையோடு தன்னைப் பூட்டிக்கொள்ளவும் இல்லை. கல்லீரலைச் சாப்பிடக் கொடுத்தால் ஒரு வகைக் கொடிய இரத்தசோகை குணமாகிறது என்று பாஸ்டன் மருத்துவர்கள் மைனாட்டும் மர்பியும் 1926-இல் காட்டியிருந்தார்கள். அந்தக் கல்லீரலுக்குள் இருக்கும் பொருள் எது என்ற தேடலில் சுப்பாராவ் இறங்கினார். இரத்தசோகை, வைட்டமின்கள் என்று மெல்ல மெல்ல தனக்கென ஒரு துறையை உண்டாக்கிக்கொண்டார். ஃபோலின் 1934-இல் இறந்தார். சுப்பாராவுக்கு ஹார்வர்டு நிரந்தரப் பதவி தரவே இல்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவர் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வகத்துக்கு அவர் போனபோது வயது நாற்பத்தைந்து.

இந்தப் பொறுமையைப் புகழ்ந்து எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். என்னால் முழுதாகப் புகழ முடியவில்லை. இழுப்பறையில் கிடந்த அந்த நியூக்ளியோடைடுகளால் நஷ்டப்பட்டது சுப்பாராவ் மட்டும் அல்ல. மறுபடி கண்டுபிடிக்க உழைத்தவர்களின் ஆண்டுகளும் போயின. அவர் சத்தம் போட்டிருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்றால், ஒரு கதர் அங்கிக்கே பட்டத்தை இழந்தவர் அந்தக் கணக்கை நம்மைவிட நன்றாகப் போட்டிருப்பார்.

லெடர்லேயில் நிலைமை தலைகீழ். அங்கே ஆராய்ச்சி இயக்குநராக உயர்ந்து, இப்போது அவரே பலருக்கு மேலதிகாரி. நான் ஆவலோடு தேடிப் படித்தது இந்தப் பகுதியைத்தான், ஏனென்றால் கொடுமைக்கார மாமியாரிடம் அடிபட்ட மருமகள் நாளை அதே மாதிரி மாமியாராவதை நாம் எங்கும் பார்க்கிறோம். 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த செய்தி வெளிவந்தபோது அந்தக் கட்டுரையில் பதினாறு பேர் பெயர் இருந்தது. குழுவை நடத்திய சுப்பாராவின் பெயர் அதில் எங்கோ நடுவில். பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்று, எழுபது வயதைக் கடந்திருந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் அவருடைய இயக்கத்தில் இருந்த ஆய்வகத்தில்தான் ஆரியோமைசினைக் கண்டுபிடித்தார். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் அதுவே முதலாவது. கண்டுபிடிப்பு டக்கர் பெயரில்தான் நிற்கிறது.

அண்ணன் தம்பிகளைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு ஃபோலிக் அமிலம் மருந்தானது. இன்று நம் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கும் சிறிய மாத்திரையும் அதுதான். யானைக்கால் நோய்க்கு அவருடைய குழு கொண்டுவந்த டைஎத்தில்கார்பமசினை மலேசிய சுகாதார அமைச்சும் அந்நோயை ஒழிக்கும் திட்டத்தில் பயன்படுத்தியிருக்கிறது. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைச் சற்றே மாற்றி, உயிரணுவை ஏமாற்றும்படி செய்த அமினாப்டெரினை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் புற்றுநோய்ப் பிரிவுகளில் பயன்படுகிறது.

ஃபார்பரின் கட்டுரை 1948 ஜூனில் வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். வயது 53. குடியுரிமைக்கான கதவு திறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தும் அவர் அமெரிக்கக் குடிமகனாகவில்லை. அவர் நினைவாக 1953-இல் ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்தார்கள். நூற்றாண்டில், 1995-இல், இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.