மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைந்த மாணவர்

கடையநல்லூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இருந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் தலித் மாணவர்கள் காலைப் பேருந்தில் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் செல்கின்றனர். அவர்களுள் பலரை முதல் நாளன்று எதிர்கொள்வது பாடம் குறித்த கேள்வி அன்று. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு என்னும் விசாரணையே. தெருவின் பெயரில் சாதி ஒளிந்திருப்பதைக் கேட்பவரும் அறிவார், சொல்பவரும் அறிவார். இதே விசாரணைக்கு அஞ்சிய மாணவர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூரில் இருந்தார். அவரே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் அருகிலுள்ள கோழியாளத்தில் பிறந்தவர் சீனிவாசன். சாதிக் கொடுமை தாளாமல் அவரது குடும்பம் தஞ்சைக்கும், பின்னர் கோயம்புத்தூருக்கும் இடம்பெயர்ந்தது. அங்கே அவர் படித்த கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பார்ப்பனர்கள். பிற மாணவருடன் நட்புக் கொண்டால் தம் சாதியையும் குடும்பத்தையும் இருப்பிடத்தையும் அறிந்து இழிவாக நடத்துவார்கள் என்று அவர் அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் சென்றார். வகுப்பு முடிந்ததும் எவரும் தம்மை எட்டாதவாறு விரைந்து வீடு திரும்பினார். ஏனையோருடன் கூடி விளையாட முடியாத அக்கொடுமை அவரது மனத்தை வாட்டியது. இதனை எப்படி வெல்வது என்று அந்த வயதிலேயே அவர் சிந்தித்திருக்கிறார். 1939ஆம் ஆண்டு வெளியான தமது தன்வரலாற்றில் அவரே இதைப் பதிவு செய்துள்ளார்.

அந்தக் கலாசாலை அவருக்கு இடம் மறுக்கவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. வகுப்பில் அவருக்குப் பாடம் கிடைத்தது. ஆனால் மணிக்கு முன்னும் மணிக்குப் பின்னும் அந்த வளாகம் அவருடையதாக இல்லை. கல்வி நிலையத்தில் சேர்வது வேறு, அங்கே அச்சமின்றி வாழ்வது வேறு. சீனிவாசனின் பொதுவாழ்வு முழுவதையும் இவ்வேறுபாட்டை ஒழிக்கும் முயற்சியாகவே நாம் வாசிக்கலாம்.

நீலகிரியில் ஆங்கிலேயர் நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றிய அவர், 1890இல் சென்னைக்கு வந்தார். பறையர் மகாஜன சபையைக் கட்டியெழுப்பினார். 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தப் பெயர் வெளிப்பட்டுவிடுமோ என்று மாணவப் பருவத்தில் அஞ்சினாரோ, அந்தப் பெயரையே இதழின் தலைப்பாக்கினார். மறைந்து வாழ்வது தீர்வன்று என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

அதே ஆண்டில், இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. சீனிவாசன் அதனை எதிர்த்தார். 3,412 கையொப்பங்களுடன் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். நாட்டுப்பற்றில்லாத செயல் என்று இது பழிக்கப்பட்டது. ஆனால் அவரது கணக்கு நேரடியானது. கலாசாலைகளை நிரப்பியிருந்தவர்களே தேர்விலும் வெல்வர். தேர்வில் வென்றவர்களே ஆட்சி செய்வர். வகுப்பறையில் சமத்துவம் இல்லாத நாட்டில் தகுதித் தேர்வு மட்டும் நடுநிலையாக இராது என்பதை 400 பேர் கொண்ட அந்தக் கலாசாலையே அவருக்குக் கற்பித்திருந்தது.

1900இல் இங்கிலாந்து செல்லும் நோக்குடன் புறப்பட்ட அவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுத் தெருக்கள், சாலைகள், கிணறுகள், குளங்கள், பொது அலுவலகங்கள் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் அவரது தீர்மானம் 1924 ஆகஸ்டில் நிறைவேறியது. பள்ளிக்கு வெளியே ஒதுங்கி நின்ற சிறுவன், பொது இடம் என்பது எல்லோருக்கும் பொது என்று அரசையே சொல்ல வைத்தார்.

வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் பங்கேற்ற அவர், 1932 செப்டம்பர் 24 அன்று புனே ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டார். தேர்தல் தொகுதிகளுக்காகவே நினைவுகூரப்படும் அந்த ஒப்பந்தத்தில், ஒவ்வொரு மாகாணத்தின் கல்வி நிதியிலிருந்தும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்வி வசதிக்குப் போதிய தொகை ஒதுக்கப்பட வேண்டும் என்ற பிரிவும் உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. மறு ஆண்டு, 1945 செப்டம்பர் 18 அன்று, சீனிவாசன் மறைந்தார்.

அவர் மறைந்து எட்டுப் பத்தாண்டுகள் ஆகின்றன. 2016 சனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளக் கயிறுகள் அணிவதைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. அன்று கேள்வியாக வந்த சாதி இன்று மணிக்கட்டில் வண்ணமாகத் தொங்குகிறது.

பல்கலைக்கழகத்தில் மாணவர் வாழ்வை மேம்படுத்துவது என்றவுடன் கட்டடங்களும் இணைய வசதியும் தரவரிசையுமே பேசப்படுகின்றன. இவை தேவையே. ஆயினும் ஒரு வளாகத்தை அளக்க நம்மிடம் வேறொரு அளவுகோல் உண்டு. முதல் தலைமுறை தலித் மாணவர் மணிக்கு முன் அங்கே வந்து அமர முடிகிறதா? மணிக்குப் பின் விடுதியிலும் உணவுக் கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் தயக்கமின்றி இருக்க முடிகிறதா? உதவித்தொகை, கட்டணக் கெடுவுக்கு முன் அவர் கைக்கு வருகிறதா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்றன. நம் கல்லூரியில் அந்த அலுவலர் யார், அவரிடம் வந்த புகார்கள் என்னவாயின என்று நாம் எழுத்து வடிவில் கேட்க வேண்டும்.

சீனிவாசன் தனியே வெளியே நின்றார். கடையநல்லூரிலிருந்து இன்று பேருந்து ஏறும் மாணவர் அவ்வாறு தனித்து நிற்கக் கூடாது. மணி அடிக்கும் முன்பே அவருடன் வளாகத்துக்குள் சென்று அமர வேண்டியது நம் பொறுப்பு.