நகராட்சியில் சர்தார் படேல்

குழாயில் நீர் வருவதும், தெருவில் குப்பை அகற்றப்படுவதும், இரவில் விளக்கு எரிவதும் உள்ளாட்சி அமைப்பின் பணிகளாகும். இப்பணிகளில் ஒரு நாள் தடை ஏற்பட்டாலும் ஊர் மக்கள் துன்புறுவர். இந்திய நாட்டை ஒன்றிணைத்த சர்தார் வல்லபாய் படேல் தம் பொதுவாழ்வை இத்தகைய பணியிலேயே தொடங்கினார்.

படேல் 1875-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் குஜராத்திலுள்ள நடியாத்தில் பிறந்தார். இலண்டனில் சட்டம் பயின்று, 1913-இல் தாயகம் திரும்பினார். அகமதாபாத்தில் புகழ்மிக்க வழக்கறிஞராக விளங்கினார். 1917-இல் அந்நகராட்சியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சுகாதாரக் குழுவின் தலைவரானார். அதே ஆண்டில் தமிழகத்தில் இராஜாஜி சேலம் நகராட்சித் தலைவரானார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

அவ்வாண்டில் அகமதாபாத்தில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. பள்ளிகளும் நீதிமன்றங்களும் மூடப்பட்டன. மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். படேலும் வெளியேறியிருக்கலாம். ஆயினும், சுகாதாரப் பொறுப்பை ஏற்றவர் மக்களைக் கைவிடலாகாது என்று கருதி, அவர் நகரிலேயே தங்கினார். தெருத்தெருவாகச் சென்று துப்புரவுப் பணிகளை மேற்பார்வையிட்டார்.

ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் நகராட்சிப் பள்ளிகள் ஆங்கில அரசின் மானியத்தையும் மேற்பார்வையையும் ஏற்க மறுத்தன. அதனால் 1922-இல் அரசு நகராட்சி மன்றத்தைக் கலைத்தது. 1924-இல் மீண்டும் தேர்தல் நடைபெற்றது. மக்கள் படேல் பக்கமே நின்றனர். அவர் நகராட்சித் தலைவரானார். குடிநீர் வழங்கலையும் கழிவுநீர் வடிகாலையும் விரிவுபடுத்தப் பாடுபட்டார்.

1927 ஜூலையில் குஜராத்தில் பெருமழை கொட்டியது. அகமதாபாத்தை வெள்ளம் சூழ்ந்தது. படேல் நள்ளிரவில் மழையில் நனைந்தபடியே நகரைச் சுற்றிப் பார்த்தார். நகராட்சிப் பொறியாளரை எழுப்பி அழைத்துச் சென்று, தேங்கிய நீர் வடிய வழிசெய்தார். பின்னர்த் தொண்டர்களைத் திரட்டிச் சிற்றூர்களுக்கும் உதவி கிடைக்கச் செய்தார்.

1928-இல் நகராட்சிப் பொறுப்பிலிருந்து விலகி, பர்தோலி உழவர் போராட்டத்தை நடத்தினார். அப்போராட்டமே அவருக்குச் சர்தார் என்னும் பெயரைத் தந்தது. விடுதலைக்குப்பின் துணைப் பிரதமராகவும் உள்துறை அமைச்சராகவும் விளங்கி, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவுடன் இணைத்தார். 1947 ஏப்ரல் 21-இல் தில்லியில் பயிற்சி அலுவலர்களிடையே உரையாற்றி, நடுநிலையோடும் நேர்மையோடும் பணியாற்ற அறிவுறுத்தினார். அந்நாளே இன்று குடிமைப் பணிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1950 டிசம்பர் 15-இல் படேல் மறைந்தார்.

நாட்டை ஆளும் திறன் அவருக்கு ஒரே நாளில் வாய்க்கவில்லை. வடிகாலையும் குடிநீரையும் கவனித்த ஆண்டுகளில் அது வளர்ந்தது. ஊர்ப்பணியைச் சிறிதென எண்ணாதவரே நாட்டுப்பணியிலும் சிறந்து விளங்குவர்.

சொற்பொருள்
கொள்ளைநோய் – பலரை ஒருசேரத் தாக்கும் கொடிய நோய்
மானியம் – அரசு அளிக்கும் நிதியுதவி
சமஸ்தானம் – மன்னர் ஆண்ட பகுதி

பயிற்சி
1. கொள்ளைநோய் பரவியபோது படேல் நகரைவிட்டு ஏன் வெளியேறவில்லை?
2. நகராட்சி மன்றம் 1922-இல் கலைக்கப்பட்டது ஏன்?
3. நீங்கள் வாழும் ஊரின் உள்ளாட்சி அமைப்பு ஆற்றும் பணிகளுள் ஐந்தனைத் தமிழில் எழுதுக.